உபதேசியார் வீடு: ஒரு பூட்டனாரின் பட்டத்தைத் தேடிய நிகழ்வு ஆய்வு

திருச்செந்தூர் வட்டாரத்தில் செம்மண் தேரியை ஒட்டியுள்ள ஒரு கிறிஸ்தவ ஊரில், ஆலயத்துக்குச் சற்றுத் தள்ளி நிற்கும் பழைய ஓட்டு வீடு ஒன்றை ஊரார் இன்றும் ‘உபதேசியார் வீடு’ என்றே சொல்கிறார்கள். அந்த வீட்டு வழிவந்தவர்கள் தங்கள் குடும்ப வரலாற்றைத் தொகுத்து அச்சிட முனைந்தபோது, முதற்பக்கத்தில் தங்கள் பூட்டனார் மிஷன் உபதேசியாராக இருந்தார் என்று எழுதலாமா என்ற கேள்வியை என்னிடம் கொண்டுவந்தார்கள். ஆம் என்ற பதிலைத்தான் அவர்கள் எதிர்பார்த்தார்கள். வீட்டுப் பெயர் இருந்தது. கல்லறையில் பட்டம் பொறிக்கப்பட்டிருந்தது. எண்பது வயதைக் கடந்த பெரியம்மா ஒருவர், “எங்க பூட்டன் பிரசங்கம் பண்ணுனா கோயில் ஓடு அதிரும்னு எங்க ஆச்சி சொல்லுவா” என்று கண்ணால் கண்டதுபோல் சொன்னார். இவ்வளவு இருந்தும் பதில் வேறு விதமாக அமைந்தது. அது எப்படி அமைந்தது என்பதை, இதே கேள்வியோடு இருக்கும் பிற குடும்பங்களுக்கும் பயன்படும் என்று எண்ணி எழுதுகிறேன். குடும்பத்தார் கேட்டுக்கொண்டபடி ஊர்ப் பெயரையும் ஆட்பெயர்களையும் தவிர்த்து, தேடலுக்கு உரியவரைப் பூட்டனார் என்றே குறிப்பிடுகிறேன். பதிவேட்டுக் குறிப்புகளையும் பத்தாண்டு அளவிலேயே தருகிறேன். ஆண்டைச் சொன்னால் அந்தப் பக்கத்து ஆட்களுக்கு ஊர் எது என்று உடனே விளங்கிவிடும்.

முதலில் பட்டத்தின் பொருளைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டியிருந்தது. குருப்பட்டம் பெறாமல் சபைக்குப் போதிப்பவர் என்பதே உபதேசியார் என்ற சொல்லின் அடிப்படை. 1706இல் சீகன்பால்கு தரங்கம்பாடிக்கு வந்து தொடங்கிய மிஷன் காலத்திலிருந்தே இந்த வேலை இருந்துவருகிறது. 1733இல் குருப்பட்டம் பெற்ற ஆரோன் அதற்கு முன் உபதேசியாராக இருந்தவர். அவரோடு ஊழியம் செய்த ராஜநாயக்கன் உபதேசியாராகவே நிலைத்தவர். பாளையங்கோட்டைச் சபையை வளர்க்க மிஷனரி ஷ்வார்ட்ஸ் ஐயர் அனுப்பிய சத்தியநாதனும் அங்கே உபதேசியாராக வந்து, 1790இல் குருவானவர். 1799இல் முதலூர் உருவாகக் காரணமாயிருந்த தாவீது சுந்தரானந்தமும் உபதேசியாரே. 1820இல் பாளையங்கோட்டைக்கு வந்த ரேனியஸ் ஐயரின் காலத்தில் ஊர்தோறும் சபைகள் பெருகியபோது, ஒவ்வொரு சபையையும் நேரில் பார்த்துக்கொள்ள ஐரோப்பிய மிஷனரிகளால் இயலவில்லை. காலை மாலை ஜெபம் நடத்துவது, ஞானஸ்நானத்துக்கு ஆயத்தம் செய்வோருக்குப் பாடம் சொல்வது, ஞாயிறு பிரசங்கம், நோயாளிகளைச் சந்திப்பது, ஊர் வழக்குகளில் நடுநிலை பேசுவது, பல இடங்களில் பள்ளிக்கூடத்தையும் சேர்த்துக் கவனிப்பது என்று எல்லாம் உபதேசியார் தலையில் விழுந்தது. திருவிருந்து கொடுப்பது மட்டும் அவருக்கு உரியதல்ல.

இவ்வளவு வேலைகளை ஒரே சொல் சுமந்ததால்தான் குடும்ப நினைவில் குழப்பம் வருகிறது. உபதேசியார் மிஷனிடம் சம்பளம் வாங்கியவர். மிஷன் நினைத்தால் வேறு ஊருக்கு மாற்றப்படக்கூடியவர். அவரைத் தவிர, சம்பளம் வாங்காமல் ஆலயத்தில் வேதம் வாசித்துப் பிரசங்கிக்கும் ஊர்க்காரர்களும் இருந்தார்கள். பள்ளி உபாத்தியாயரும் ஞாயிற்றுக்கிழமை பீடத்தருகே நின்றதுண்டு. மணியடித்து விளக்கேற்றும் கோயில்பிள்ளையைக்கூட மூன்றாம் தலைமுறையில் உபதேசியாராக்கிவிட்ட குடும்பம் ஒன்றை நான் அறிவேன்; அதைச் சொன்னபோது அவர்களுக்கு என்மேல் வந்த கோபம் இன்னும் தீரவில்லை. ஆகவே பூட்டனார் விஷயத்தில் கேள்வியை இரண்டாகப் பிரித்தேன். அவர் உபதேசியார் என்ற பணியிடத்தில் இருந்தாரா என்பது ஒன்று. பணியிடம் எதுவானாலும் அவர் பிரசங்கித்தாரா என்பது மற்றொன்று.

அடுத்து, ஊர் எந்தச் சங்கத்தின் கீழ் இருந்தது என்று பார்க்க வேண்டும். திருநெல்வேலியில் சர்ச் மிஷனரி சங்கம் எனப்படும் சி.எம்.எஸ்.ஸும், நற்செய்தி பரப்பும் சங்கமான எஸ்.பி.ஜி.யும் அருகருகே வேலை செய்தன. மெஞ்ஞானபுரமும் டோனாவூரும் முன்னதைச் சேர்ந்தவை, நாசரேத்தும் முதலூரும் இடையன்குடியும் பின்னதைச் சேர்ந்தவை. சி.எம்.எஸ். ஆவணங்கள் பர்மிங்காம் பல்கலைக்கழகத்திலும், எஸ்.பி.ஜி. ஆவணங்கள் ஆக்ஸ்போர்டின் பாட்லியன் நூலகத்திலும் இருக்கின்றன. சில மைல் தள்ளி வேறு சங்கத்து ஊர் தொடங்கிவிடும் என்பதால், இதைத் தவறாகக் கணித்தால் தேடல் முழுவதும் வேறு கடலில் வலை வீசியதாகிவிடும். நம் ஊர் சி.எம்.எஸ். ஊர். ஆனால் அச்சங்கத்தின் அச்சிட்ட ஆண்டறிக்கைகளில் மிஷனரிகளும் குருப்பட்டம் பெற்ற உள்நாட்டவரான நாட்டையர்களும் பெயரோடு வர, உபதேசிமார் பெரும்பாலும் எண்ணிக்கையாகவே வருகிறார்கள். பூட்டனாரின் பெயர் அறிக்கையில் இல்லை என்பதை ஆதாரமாகக் கொள்ள முடியாமற்போனது இதனால்தான். பெயர் இருந்தாலும் பெரிய உதவி கிடைத்திராது. ஞானமுத்து, தேவசகாயம், வேதமாணிக்கம், மாசிலாமணி என்று ஒரே பெயர்கள் ஊருக்கு ஊர் திரும்பத் திரும்ப வரும் மாவட்டத்தில், தகப்பன் பெயரும் ஊரும் சேர்ந்து வராத எந்தக் குறிப்பையும் ஒருவருக்கு உரியதாக்குவது ஆபத்து.

இங்கிலாந்தில் மெதடிஸ்டு சபை முன்னோரைத் தேடுகிறவர்களைக் கண்டு எனக்குச் சற்றுப் பொறாமை உண்டு. அங்கே வட்டாரந்தோறும் மூன்று மாதத்துக்கு ஒருமுறை பிரசங்க அட்டவணை அச்சிட்டு, எந்த ஞாயிறு எந்த ஆலயத்தில் யார் பேசுவார் என்று பெயரோடு போட்டுவிடுவார்கள். அவர்களுடைய பழைய குடிக்கணக்குத் தாள்களும் வீடுவாரியாகக் கிடைக்கின்றன. நம் நாட்டில் 1871 முதல் குடிக்கணக்கு எடுக்கப்பட்டும், வீடுவாரித் தாள்கள் பாதுகாக்கப்படவில்லை, கூட்டுத்தொகைகளே மிஞ்சின. ஆதலால் இங்கே ஆலயப் பதிவேடுகளும் சொத்துப் பத்திரங்களும் வீட்டுப் பெட்டியுமே கதி.

கல்லறையிலிருந்து தொடங்கினேன். கல்வெட்டில் பெயரும் மரித்த நாளும் ‘உபதேசியார்’ என்ற பட்டமும் இருந்தன. ஆனால் அது சிமெண்டுப் பூச்சில் பதித்த பலகை. அதே தோட்டத்தில் அவர் காலத்தைச் சேர்ந்த கல்லறைகள் சுண்ணாம்புக் காரையில் கட்டப்பட்டவை. விசாரித்ததில், பேரன் ஒருவர் இலங்கையில் சம்பாதித்துத் திரும்பியபின் தாத்தாவுக்குக் கட்டியது என்று தெரிந்தது. அப்படியானால் அந்தப் பட்டம் பேரன் கேட்டு அறிந்த செய்தி. வீட்டுப் பெயரும் கல்லறையும் பெரியம்மாவின் சொல்லும் மூன்று சாட்சிகள் போலத் தோன்றினாலும் ஒரே குடும்ப நினைவின் மூன்று குரல்களே. ஒன்று தவறினால் மூன்றும் தவறும்.

இந்தத் தேடலின் இதயம் ஞானஸ்நானப் பதிவேட்டில் இருந்தது. ஆங்கிலிக்கன் சபைகளின் ஞானஸ்நானப் பதிவேட்டில் குழந்தையின் பெயர், பெற்றோர் பெயர், குடியிருப்பு, தகப்பனின் தொழில், கொடுத்தவர் பெயர் என்று கட்டங்கள் உண்டு. ஒருவருக்கு ஆறு பிள்ளைகள் பிறந்திருந்தால், அவருடைய தொழிலை ஆறு முறை, வெவ்வேறு ஆண்டுகளில், சம்பவம் நடந்த கையோடு எழுதிய பதிவு கிடைக்கிறது என்று பொருள். பூட்டனாருக்கு ஆறு பிள்ளைகள். குருமனை அலமாரியில் பதிவேட்டின் ஓரங்களைக் கரையான் தின்றிருந்தும் கட்டங்கள் தப்பியிருந்தன. 1870களின் தொடக்கத்தில் முதல் பிள்ளைக்குத் தகப்பன் தொழில் ‘விவசாயம்’. அடுத்த இரு பிள்ளைகளுக்கு ‘உப.’ என்று மட்டும். நான்காவதுக்கும் ஐந்தாவதுக்கும் ‘உபா.’ கடைசிப் பிள்ளைக்கு மறுபடியும் ‘விவசாயம்’.

‘உப.’ என்பதைக் கண்டதும் உடன் வந்த குடும்பத்து இளைஞர் மகிழ்ந்துபோய்க் கைப்பேசியில் படமெடுத்து உறவினர் எல்லோருக்கும் அனுப்பிவிட்டார். எனக்கோ ‘உபா.’ என்பதே கண்ணில் உறுத்தியது. உபதேசியாரும் உபாத்தியாயரும் தமிழில் ஒரே எழுத்தில் தொடங்கி, சுருக்கி எழுதும்போது ஒரு காலால் மட்டுமே வேறுபடுகிற சொற்கள். ஓலையெழுத்தின் பழக்கம் முற்றும் மறையாத அந்தக் காலத்துக் கையெழுத்தில் புள்ளி விடுபடுவதும், கால் முந்தைய எழுத்தோடு ஒட்டிச் சுருங்கிவிடுவதும் சாதாரணம். ஆகவே ‘உப.’ என்பது உபதேசியாராகவும் இருக்கலாம். கால் போடாத உபாத்தியாயராகவும் இருக்கலாம். அவர் ஒரு வேலையிலிருந்து மற்றதற்கு மாறியதாகவும் இருக்கலாம்.

இதற்கு அகராதி உதவாது. எழுதியவரின் பழக்கத்தைத்தான் பார்க்க வேண்டும். அதே கையெழுத்து ஓடும் பக்கங்களை எல்லாம் எடுத்து, தொழில் கட்டத்தை மட்டும் தனியே படியெடுத்தேன். அந்தப் பதிவுகளை எழுதிய நாட்டையர், வேறு சான்றுகளால் உபதேசியார் என்று நமக்கு உறுதியாகத் தெரிந்தவர்களின் பிள்ளைகளுக்கு எங்குமே ‘உப.’ என்று எழுதவில்லை. ‘உபதேசி’ என்று முழுதாகவோ ‘உபதே.’ என்றோதான் எழுதியிருக்கிறார். பள்ளி உபாத்தியாயர்கள் என்று தெரிந்த இருவருக்கோ ஓரிடத்தில் ‘உப.’ என்றும் வேறிடத்தில் ‘உபா.’ என்றும் அவரே எழுதியிருந்தார். இதனால் பூட்டனாரின் நான்கு பதிவுகளும் உபாத்தியாயர் பக்கம் சாய்ந்தன. ஒரே ஒரு பதிவை மட்டும் படித்துவிட்டு எழுந்திருந்தால் நேர் எதிரான முடிவோடு வீடு திரும்பியிருப்போம்.

குடியிருப்புக் கட்டமும் அதையே சொன்னது. உபதேசிமாரை ஓர் ஊரில் நெடுங்காலம் விட்டுவைப்பது மிஷன் வழக்கமல்ல. அவர்களுடைய பிள்ளைகளின் ஞானஸ்நானங்கள் பல சபைகளின் பதிவேடுகளில் சிதறிக் கிடக்கும். பூட்டனாரின் ஆறு பிள்ளைகளும் ஒரே ஊரில், ஒரே ஆலயத்தில் ஞானஸ்நானம் பெற்றிருக்கிறார்கள். முதலிலும் இறுதியிலும் விவசாயம் என்று வருவதும் சொந்த நிலத்தை விட்டுப் போகாத ஒருவரின் வாழ்க்கையைத்தான் காட்டுகிறது.

பல சபைகள் சேர்ந்த சேகரத்தின் அலுவலகத்தில் பழைய சம்பளக் கணக்கு ஒன்றும் சில பக்கங்கள் மட்டும் மிஞ்சிக் கிடைத்தது. 1860களின் இறுதியிலிருந்து சி.எம்.எஸ். சபைகளில் நாட்டுச் சபைச் சங்கங்கள் ஏற்பட்டு, ஊழியர் சம்பளத்தில் ஒரு பங்கைச் சபையாரின் காணிக்கையே சுமக்கத் தொடங்கியதால், இத்தகைய கணக்குகள் அந்தந்தப் பகுதியிலேயே எழுதப்பட்டன. மறுபுறம், சார்லஸ் உட் என்பவரின் 1854ஆம் ஆண்டுக் கல்வி அறிக்கைக்குப் பின் அரசு மானியம் பெற்ற பள்ளிகளின் கணக்கைப் பிரித்துக் காட்ட வேண்டிய தேவையும் இருந்தது. நாம் கண்ட பக்கங்களில் ‘உபதேசிமார்’ ஒரு தலைப்பிலும் ‘பள்ளிக்கூடம்’ வேறொரு தலைப்பிலும் இருந்தன. பூட்டனார் தம் தகப்பன் பெயரோடும் ஊர்ப் பெயரோடும் இரண்டாவது தலைப்பின் கீழ் இருந்தார். முதல் கேள்வி இதோடு முடிந்தது என்றே சொல்லலாம்.

அப்படியானால் வீட்டுக்கு அந்தப் பெயர் எங்கிருந்து வந்தது? உபதேசியார் தங்கும் வீடு பொதுவாக மிஷனுக்குச் சொந்தம். அவர் மாற்றலாகிப் போனால் அடுத்தவர் வந்து குடியேறுவார். பரம்பரையாகக் கைமாறும் வீட்டுக்கு அந்தப் பெயர் ஒட்டியிருப்பதே முதலிலிருந்து எனக்கு நெருடலாக இருந்தது. திருமணப் பதிவேட்டைப் புரட்டியபோது, பூட்டனார் மணந்த பெண்ணின் தகப்பன் பெயர் இருந்தது. தகப்பனின் தொழிலுக்கு அதில் கட்டம் இல்லை. ஆனால் அதே பெயருடைய ஒருவர் அந்த ஆண்டுகளில் நடந்த வேறு பல திருமணங்களுக்குச் சாட்சியாக, பெயருக்குப்பின் ‘உபதேசி’ என்று சேர்த்துக் கையொப்பமிட்டிருந்தார். பெயர் ஒன்றாயிருப்பதால் ஆள் ஒன்று என்று கொள்ளக்கூடாது என்பதை மேலே சொன்னேன். ஆகையால் சார்பதிவாளர் அலுவலகத்துக்குப் போனோம்.

குடும்ப வரலாறு எழுதுவோர் ஆலயத்தோடு நின்றுவிடுகிறார்கள் என்பது என் நெடுநாள் குறை. கிரயப் பத்திரம் எழுதும் கரணத்தார் ஆளை அடையாளம் காட்டுவதில் குருவானவரைவிடக் கறாரானவர்கள். இன்ன ஊரிலிருக்கும் இன்னார் குமாரன், இன்ன ஜீவனம் என்று எழுதாமல் விடமாட்டார்கள். வீட்டுமனையின் பழைய கிரயப் பத்திரத்தில் வாங்கியவர் அந்த மாமனார். ஜீவனம் ‘மிஷன் உபதேசி’. அதன்பின் அவர் தம் மகளுக்கு, அதாவது பூட்டனாரின் மனைவிக்கு, அந்த வீட்டைத் தான செட்டில்மெண்டாக எழுதிக் கொடுத்த பத்திரமும் கிடைத்தது. அதில் மருமகனையும் ஒரு சாட்சியாகக் குறித்து, ஜீவனம் ‘பள்ளிக்கூட வாத்தியார்’ என்று எழுதப்பட்டிருந்தது. மாமனாரும் மருமகனும் அவரவர் தொழிலோடு ஒரே தாளில் நின்றார்கள். உபதேசியார் வீடு என்ற பெயர் மாமனாரோடு வந்தது. வீட்டோடு பெயரும் மகளுக்குப் போனது. பேரன் கல்லறை கட்டும் காலத்துக்குள் வீட்டின் பட்டம் வீட்டில் வாழ்ந்தவரின் பட்டமாகிவிட்டது.

இத்தோடு நிறுத்தியிருந்தால், பெரியம்மாவின் ஆச்சி சொன்னது கற்பனை என்றாகியிருக்கும். அதற்கு எனக்கு மனம் வரவில்லை. பதிவேடுகள் பணியிடத்தைக் காட்டும். ஞாயிற்றுக்கிழமை யார் எழுந்து பேசினார் என்பதைக் காட்டமாட்டா. வீட்டில் பழைய வேதப்புத்தகம் ஏதும் உண்டா என்று கேட்டதில், மச்சில் கிடந்த தகரப் பெட்டியிலிருந்து முகப்புத் தாள் கிழிந்த ஒன்று வந்தது. வசன நடையைப் பிற பதிப்புகளோடு ஒப்பிட்டதில், பவர் ஐயர் தலைமையில் திருத்தி 1871இல் வெளிவந்த மொழிபெயர்ப்பு என்பது தெளிவாயிற்று. பின்னட்டையை ஒட்டிய வெற்றுத் தாள்களில் வரிசையாகக் குறிப்புகள்: ஒரு தேதி, திருச்சபை நாட்காட்டியின்படி ஞாயிற்றின் பெயர், ஒரு வேதவசன எண், கடைசியில் ஒற்றைச் சொல். அந்தச் சொல் சில வரிகளில் ‘வாசித்தேன்’, சில வரிகளில் ‘பேசினேன்’.

ஆண்டு எங்கும் இல்லை. ஆனால் தேதியும் ஞாயிற்றின் பெயரும் சேர்ந்திருந்தால் ஆண்டைக் கணக்கிட்டுவிடலாம். உயிர்த்தெழுந்த திருநாள் மார்ச் 22க்கும் ஏப்ரல் 25க்கும் இடையில் ஆண்டுதோறும் நகரும். அதிலிருந்து எட்டாவது ஞாயிறு திரித்துவத் திருநாள். அதற்குப் பின்வரும் ஞாயிறுகளை எண்ணால் குறிப்பார்கள். முதல் தாளில் ‘ஆகஸ்டு 8, திரித்துவத்துக்குப் பின் 11ம் ஞாயிறு’ என்று ஒரு வரி இருந்தது. பதினொரு வாரம் பின்னோக்கி எண்ணினால் திரித்துவத் திருநாள் மே 23, உயிர்த்தெழுந்த திருநாள் மார்ச் 28. அக்காலத்தில் அது மார்ச் 28இல் வந்தது 1869, 1875, 1880 ஆகிய ஆண்டுகளில். புத்தகமே 1871க்குப் பிற்பட்டதாகையால் 1869 விலகிவிடும். தொடர்ச்சியாக எழுதப்பட்ட அடுத்த தாளில் ‘செப்டம்பர் 3, திரித்துவத்துக்குப் பின் 12ம் ஞாயிறு’ என்றிருந்தது. அதற்கு உயிர்த்தெழுந்த திருநாள் ஏப்ரல் 16இல் வந்திருக்க வேண்டும். 1871க்கும் நூற்றாண்டு முடிவுக்கும் இடையில் அப்படி வந்தது 1876 ஒன்றே. ஆகவே முதல் தாள் 1875, இரண்டாவது 1876. ‘உப.’ என்ற பதிவுகளும் அந்தக் காலத்தவையே.

எழுதியவர் பூட்டனார்தானா? செட்டில்மெண்டு பத்திரத்தில் சாட்சியாக அவர் இட்ட கையொப்பத்தையும், திருமணப் பதிவேட்டிலுள்ள அவருடைய கையொப்பத்தையும் குறிப்புகளோடு வைத்துப் பார்த்தோம். ககரத்தின் சுழியும், றகரத்தைச் சாய்த்து முடிக்கும் விதமும் ஒத்திருந்தன. மாமனாரின் கையெழுத்தோ பருமனாக, எழுத்துக்கு எழுத்து விட்டு நிற்பது. கேட்ட பிரசங்கங்களைக் குறித்துவைக்கும் பழக்கம் சபையாரிடையே உண்டு என்பதால், இவையும் அப்படிப்பட்டவையோ என்று ஐயப்பட்டேன். ‘வாசித்தேன்’ என்பதைத் தனியே வேதம் படித்ததாகக் கொள்ள இடமுண்டு. ‘பேசினேன்’ என்பதற்கு அந்த இடம் இல்லை. கேட்டவர் அப்படி எழுதமாட்டார். முதல் தாளில் ‘வாசித்தேன்’ மிகுந்தும், இரண்டாவதில் ‘பேசினேன்’ மிகுந்தும் வருவதைப் பார்த்தால், தொடக்கத்தில் அச்சிட்ட பிரசங்கத்தையோ வேதபாடத்தையோ வாசிக்க மட்டும் அனுமதிக்கப்பட்ட வாத்தியார், ஓராண்டுக்குள் சொந்தமாகப் பேச விடப்பட்டார் என்று நான் ஊகிக்கிறேன். இது ஊகம் என்றே குடும்பத்தாரிடமும் சொன்னேன். அவருடைய பெயர் உபதேசிமார் சம்பளத் தலைப்பில் இல்லை என்பதையும் சேர்த்துப் பார்த்தால், அவர் ஞாயிறுகளில் பேசியது கூலியில்லாத ஊழியம் என்பது ஊகத்தைவிட உறுதியானது.

கேள்விக்கு எழுத்தில் நான் கொடுத்த பதில் இது: பூட்டனார் மிஷன் பள்ளியில் சம்பளம் பெற்ற உபாத்தியாயர், 1875, 1876 ஆண்டுகளிலேனும் ஊர் ஆலயத்தில் சம்பளமின்றிப் பிரசங்கித்தவர், உபதேசியார் என்ற பட்டம் அவருடைய மாமனாருடையது. உபதேசியார் இல்லை என்று முதலில் கேட்டபோது சுணங்கிய குடும்பத்தார், பின்னட்டைத் தாள்களைப் பார்த்தபின் சமாதானமானார்கள். கல்லறைப் பலகையை மாற்ற வேண்டாம் என்று பெரியம்மா சொல்லிவிட்டார். பேரன் பணத்தில் கட்டியது, அவர் நம்பியது அப்படி என்பதே அவர் சொன்ன காரணம். அந்த முடிவோடு எனக்கும் சண்டையில்லை. புத்தகத்தில் பலகையின் படத்துக்குக் கீழே அது கட்டப்பட்ட கதையை எழுதினால் போதும்.

மாமனாரைத் தேடும் வேலை இப்போது தொடங்கியிருக்கிறது. அவருக்காவது பர்மிங்காமில் ஏதேனும் இருக்க வாய்ப்புண்டு. மிஷனரிகள் தங்கள் ஆண்டுக் கடிதங்களில் சில உபதேசிமாரைப் பெயர் சொல்லிப் பாராட்டியோ குறை சொல்லியோ எழுதியிருக்கிறார்கள். அதோடு புத்தகத்தின் முதற்பக்கத்தையும் திருத்த வேண்டியதாயிற்று. பூட்டனாரில் தொடங்கிய வம்ச அட்டவணை, இப்போது மாமனாரில் தொடங்கி, அவர் வீடு எழுதிக் கொடுத்த மகளின் வழியாக இறங்குகிறது. முதல் வரைவில் அந்தப் பூட்டியின் பெயரே இல்லை; பெயர் யாருக்கும் தெரியவில்லை என்று சொல்லிக் கோடு போட்டு விட்டிருந்தார்கள். செட்டில்மெண்டு பத்திரத்தின் இரண்டாம் வரியில் அது தெளிவான கையெழுத்தில் இருந்தது.